தர்மா துடைத்த கண்ணாடி

என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பொய்யோடுதான் வருவார்கள். "சும்மா பறந்துக்கிட்டு இருந்துச்சு அக்கா, தானா விழுந்துருச்சு" என்பார்கள். திறந்து பார்த்தால் கல்யாண மண்டபத்துக்குள் டிரோனை விட்டு மின்விசிறியில் மோதியிருப்பார்கள். எனக்கு வாய் நீளம். அதுக்குப் பொய் சொல்லத் தெரியாதுப்பா, உனக்குத்தான் தெரியுது என்று மூஞ்சிக்கு நேராகச் சொல்லிவிடுவேன். ஈப்போ ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில் எனக்குப் பேரே அப்படித்தான். சாந்தினியிடம் போனால் பழுதும் பார்ப்பாள், மானத்தையும் வாங்குவாள்.

டிரோன் பறக்கும்போது தான் செய்வதையெல்லாம் தானே பதிந்து வைத்துக்கொள்ளும். எவ்வளவு உயரம் போனது, எந்தப் பக்கம் சாய்ந்தது, ஓட்டுகிறவன் ரிமோட்டில் விரலை எந்தப் பக்கம் தள்ளினான், அதன் கண்ணுக்கு என்ன தெரிந்தது, எல்லாம் இருக்கும். லாக் என்போம். விழுந்து நொறுங்கினாலும் அது பதிந்திருக்கும் சின்ன அட்டை பெரும்பாலும் பிழைத்துவிடும். கீழே நின்ற ஆள்தான் பிழைப்பதில்லை.

யுகேந்திரன் வந்த மத்தியானம் ஈப்போவே தெரியாத அளவுக்கு மழை. நனைந்துபோய் வாசலில் நின்றான். இரண்டு கோணிப்பை நிறைய உடைந்த சாமான். ஆளைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை செமோர் பக்கம் பழைய மூணாம் டிவிஷன் தோட்டத்தில் மருந்தடிக்கிற டிரோன் விழுந்து ஒரு ஆள் செத்துப்போனது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அதை ஓட்டியவன் இவன். செத்துப்போன தர்மா இவனுடைய தங்கை துளசியின் புருஷன். மாப்பிள்ளையும் மச்சானும் ஒரே லோரியில் வேலைக்குப் போய் வந்தவர்கள். யுகேந்திரன் ஓட்டுவான், தர்மா மருந்து கலக்குவான், பேட்டரி மாற்றுவான், துடைத்து வைப்பான்.

"அக்கா, நான் கொன்னேனா இல்லையான்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

"ஒக்காரு மொதல்ல. கொன்னேன் கின்னேன்னு என் கடையில பேசாத."

உட்கார்ந்தான். பால் ஊற்றாத டீ, தே ஓ வாங்கிக் கொடுத்தேன். குடிக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டே இருந்தான். கம்பெனிக்காரன் லாக்கைத் திறந்துகூடப் பார்க்காமல் ஓட்டினவன் தப்பு என்று முடிவு கட்டிவிட்டானாம். போலீஸ் திருப்பிக் கொடுத்த சாமானை ஸ்டோர் மூலையில் போட்டிருந்தார்களாம். இவன் கெஞ்சி வாங்கி வந்திருக்கிறான்.

"வேலை போனா போவுதுக்கா. வேற வேல பாத்துக்கலாம். துளசிதான். பொணத்த எடுக்கும்போது கிட்ட வராதன்னுட்டா. ஞாயித்துக்கிழம கருமாதி. பொறந்த வீட்டுக் கோடி நான்தான் போடணும், எங்களுக்கு வேற யாரு இருக்கா. உன் கையால வாங்கமாட்டேன்னு ஆள் விட்டுச் சொல்லிட்டா."

புருஷனைப் பறிகொடுத்தவளுக்குக் கருமாதி அன்று பிறந்த வீட்டிலிருந்து ஒரு சேலை வரவேண்டும். அண்ணனோ தம்பியோ கொண்டுவந்து போடவேண்டும். உனக்கு நாங்கள் இருக்கிறோம் என்று ஊரறியச் சொல்வதற்கு அதைத் தவிர நம்மிடம் வேறு வழியில்லை. அதை வாங்கமாட்டேன் என்று ஒருத்தி சொன்னால் எனக்குப் பிறந்த வீடே இல்லை என்று அர்த்தம்.

"என்ன நடந்துச்சு? ஒளிக்காம சொல்லு."

சொன்னான். மூணாம் டிவிஷனில் ரப்பரெல்லாம் வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை போட்டு வருஷக்கணக்காகிவிட்டது. முனியாண்டி கோயிலை ஒட்டி ஒரே ஒரு ரப்பர் மரம் மட்டும் சாமி மரம் என்று நிற்கிறது. நிழலுக்காக லோரியை எப்போதும் அதன் கீழேதான் நிறுத்துவார்கள். அன்றைக்கும் அப்படித்தான். தர்மா லோரிக்குப் பின்னால் நின்று அடுத்த டாங்கிக்கு மருந்து கலக்கிக்கொண்டிருந்தான். டிரோன் முழு டாங்கி மருந்தோடு மேலே ஏறியது, முன்னால் கொஞ்ச தூரம் போனது. அப்புறம் அப்படியே பின்னால் வந்தது.

"நான் முன்னாலதான் தள்ளுறேன். அது பின்னால வருது. மச்சான் ஓடுன்னு கத்துனேன். மோட்டார் சத்தத்துல அவனுக்குக் கேக்கல. மரத்துல அடிச்சு அப்படியே அவன் மேல விழுந்துருச்சு." தே ஓவை மேசையில் வைத்தான். "எல்லாரும் சொல்றாங்க, நீ பயந்துபோய் மாத்தி இழுத்திருப்பன்னு. சொல்லிச் சொல்லி இப்ப எனக்கே அப்படித்தான் தோணுது. என் வெரல் என்ன பண்ணுச்சுன்னு எனக்கே நெனப்பு இல்லக்கா."

அட்டையைத் தேடி எடுத்தேன். மருந்து வாடை மூக்கைத் துளைத்தது. வேறு வாடையும் இருந்தது, அதை நான் சொல்லவில்லை. கணினியில் போட்டுத் திறந்தேன். முதலில் பார்த்தது அவனுடைய விரலைத்தான். திரையில் ஒரு கோடு. மேலே போனால் முன்னால் தள்ளியிருக்கிறான், கீழே வந்தால் பின்னால் இழுத்திருக்கிறான். கோடு உச்சிக்குப் போய் அங்கேயே நின்றது. விழுகிற வரைக்கும் இறங்கவேயில்லை.

"இங்க பாரு. இதான் உன் வெரல். முழுசா முன்னாலதான் தள்ளியிருக்க. கடைசி வரைக்கும் நீ விடல. அதுதான் உன் பேச்சக் கேக்கல."

அவன் திரையில் அந்தக் கோட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். அப்புறம் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். ஆம்பிளை அழுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். அன்றைக்கு வரவில்லை. சந்தோஷமாகக்கூட இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

"நாளைக்கே உன் தங்கச்சியக் கூட்டிட்டு வாப்பா. நானே காட்டுறேன். கோடிய உன் கையால வாங்காம எங்க போயிருவா."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.

"அப்ப ஏன்கா அது பின்னால வந்துச்சு?"

கேட்கவேண்டிய கேள்விதான். அன்றைக்கு அவன் கேட்காமல் போயிருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

இந்த டிரோனுக்கு முன்பக்கம் இரண்டு கண்ணாடிக் கண் இருக்கும். நமக்கு இருப்பதுபோலத்தான். இரண்டும் சேர்ந்து பார்த்தால்தான் எதிரில் இருப்பது எவ்வளவு தூரம் என்று அதற்குத் தெரியும். கையெட்டும் தூரத்தில் ஏதாவது வந்துவிட்டால் ஓட்டுகிறவன் பேச்சைக் கேட்காது, தானாகப் பின்வாங்கும். ஆளைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள், நாசமாய்ப் போனவர்கள். அந்தக் கண் பார்த்ததை எடுத்துப் பார்த்தேன். தரையில் கண் தெரிகிறதா என்று மட்டும்தான் பார்த்துக்கொள்ளும், பின்வாங்குகிற காவல் அங்கே வேலை செய்யாது. மேலே ஏறிக் கொஞ்சம் முன்னால் போனபிறகு அது விழித்துக்கொண்ட நொடியிலிருந்து எதிரில் சுவர் இருக்கிறது, சுவர் இருக்கிறது என்றே பதிந்திருக்கிறது. பின்வாங்கியிருக்கிறது. சுவரும் கூடவே வந்திருக்கிறது. மறுபடி பின்வாங்கியிருக்கிறது.

"செவுரா? அங்க ஏது செவுரு?"

"மூக்குக் கண்ணாடியில ஈ ஒக்காந்தா நீ எங்க திரும்பினாலும் ஈதான் தெரியும். அந்த மாதிரி. கண்ணுலதான் ஏதோ இருந்திருக்கு."

கோணிப்பையைக் கவிழ்த்தேன். முன்பக்கத் துண்டு உள்ளங்கை அகலத்தில் தனியாக உடைந்து கிடந்தது. இரண்டு கண்ணும் உடையாமல் அதிலேயே இருந்தன. விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துப் பார்த்தேன். ஒரு கண் சுத்தமாக இருந்தது. இன்னொன்றின் நடுவில் காய்ந்துபோன சந்தனம். சந்தனத்துக்கு நடுவில் குங்குமம். சுண்டு விரல் நுனி அளவுக்கு அழகான பொட்டு.

யுகேந்திரன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான்.

"துளசி வச்சதுக்கா."

ஆயுத பூஜை அன்று செமோரில் துளசி வீட்டில்தான் எல்லாவற்றுக்கும் பூஜை போட்டிருக்கிறார்கள். லோரி, டிரோன், ஸ்பானர், தையல் மெஷின், சோறு ஆக்குகிற குக்கர்கூட விடவில்லையாம். இவன் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கப் போயிருந்த நேரத்தில் துளசி லோரியின் இரண்டு விளக்குக்கும் பொட்டு வைத்தாள். அதே கையோடு டிரோனின் இரண்டு கண்ணுக்கும் வைத்திருக்கிறாள். முகம் மாதிரி இருக்கிற இடத்தில்தானே யாரும் பொட்டு வைப்பார்கள். நானாக இருந்தாலும் அங்கேதான் வைத்திருப்பேன், இந்தத் தொழிலுக்கு வராமல் இருந்திருந்தால்.

"நான் பாக்கலக்கா. பாத்திருந்தா அப்பவே வேணாம்னு சொல்லியிருப்பேன். தர்மாதான் உறை போட்டு லோரியில ஏத்தினான். காலையில எறக்கி மாட்டும்போது நான் ரிமோட்ட ரெடி பண்ணிக்கிட்டு இருந்தேன். கண்ணாடி தொடச்சாச்சா மச்சான்னு கேட்டேன். தெனமும் கேப்பேன். தொடச்சாச்சுன்னான்."

துடைத்துத்தான் இருக்கிறான். சுத்தமான கண்ணின் ஓரத்தில் மஞ்சளாகத் துணி இழுத்த தடம் தெரிந்தது. இன்னொன்றில் துணியே படவில்லை. எனக்குப் புரிய வெகுநேரம் ஆகவில்லை. பூஜை போட்ட வண்டியின் பொட்டை முதல் ஓட்டம் ஓடுமுன் அழிக்கக் கூடாது என்பது நம் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அழிக்கச் சொல்கிறான் மச்சான். வைத்தவளோ பொண்டாட்டி. இரண்டு பேர் மனமும் கோணக்கூடாது என்று ஒன்றை இவனுக்காகத் துடைத்தான், ஒன்றை அவளுக்காக விட்டான்.

"அவன் அப்படித்தான்கா," என்றான் யுகேந்திரன். "யாருக்கும் முடியாதுன்னு சொல்லமாட்டான்."

இதில் கொடுமை என்ன தெரியுமா? இரண்டையும் துடைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. இரண்டையும் துடைக்காமல் விட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. கண்ணே தெரியவில்லை என்று அந்தச் சனியன் தரையிலேயே அடம்பிடித்து உட்கார்ந்திருக்கும். ஒரு கண் தெரிந்ததால்தான் தனக்கு எல்லாம் தெரிகிறது என்று நம்பிக்கொண்டு எழும்பிவிட்டது.

மழை விட்டிருந்தது. வெளியே யாரோ ஒருவன் லோரியைப் பின்னால் எடுத்தான், அது பீப் பீப் என்று கத்தியது. யுகேந்திரன் அது நிற்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னான்.

"அக்கா, இத எழுதாதீங்க."

"என்ன சொல்ற?"

"நான்தான் மாத்தி இழுத்துட்டேன்னு எழுதுங்க."

எனக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ. "உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? நீ செய்யலன்னு இங்க கோடு போட்டு வச்சிருக்கு. ஊரு ஒன்னயக் கொலகாரன்னு பேசுது. இனிமே எவன் ஒனக்கு டிரோன் குடுப்பான்? செய்யாத தப்ப நீ தலையில தூக்கிக்கிட்டா செத்தவன் வந்துருவானா?"

"வரமாட்டான். இவளாவது இருக்கணும்ல."

"அவ வேணும்னா பண்ணா? அத எடுத்துச் சொன்னா புரியாதா?"

"நீங்க சொல்லுவீங்க, அவளும் தலைய ஆட்டுவா. அப்புறம் நம்ம எல்லாரும் வீட்டுக்குப் போயிருவோம். அவ தனியா இருப்பா அக்கா. என் கையாலதான் எம்புருஷன் செத்தான்னு நெனச்சுக்கிட்டு இருப்பா. எத்தன நாளைக்கு இருப்பா?" அவன் குரல் ஏறவே இல்லை. "இப்ப என்னயத் திட்டுறா. மண்ண வாரித் தூத்துறா. தூத்தட்டும். திட்டுறதுக்காவது உசுரோட இருப்பா."

அந்தத் துண்டை மேசை ஓரமாக நகர்த்தி வைத்தேன். கடைசியில், பொய்யெல்லாம் என்னால் எழுத முடியாது, கருமாதி முடியட்டும், அதுவரை யாருக்கும் எதுவும் சொல்லமாட்டேன் என்று மட்டும் சொன்னேன். அது போதும் என்றான். கோணிப்பையை எடுக்காமலே போய்விட்டான்.

எனக்குள் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. விரல் கோட்டை மட்டும் துளசிக்குக் காட்டினால் என்ன? அண்ணன் தப்பு இல்லை, இயந்திரம் கெட்டுப்போச்சு, அவ்வளவுதான். கண்ணைப் பற்றிப் பேசவேண்டாம். அவனுக்குத் தங்கை கிடைப்பாள், அவளுக்குப் பிறந்த வீடு கிடைக்கும். அந்த நினைப்பில்தான் வெள்ளிக்கிழமை காலை கடையைத் திறந்தேன். கூப்பிடாமலே துளசி வந்தாள்.

சின்னப் பெண். வெள்ளைச் சேலை இல்லை, வீட்டில் போடுகிற சாதாரண பாஜு சட்டை. நெற்றியில் பொட்டு இருந்தது. பதினாறாம் நாள் கருமாதி வரை இருக்கும்.

"அண்ணன் உங்ககிட்டதான் குடுத்திருக்கானாமே. நீங்க மூஞ்சிக்கு நேரா சொல்லுவீங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. அதான் நேராவே வந்துட்டேன். அவன் தப்புதானே அக்கா?"

"ஒக்காருமா. இங்க வந்து பாரு." கணினியைத் திருப்பினேன். "இந்தக் கோடு இருக்கு பாரு, இதான் உங்க அண்ணனோட வெரலு."

அவள் கோட்டைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் துண்டை எடுத்து உள்ளே வைக்க மறந்திருந்தேன்.

கையில் எடுத்தாள். குழந்தையின் முகத்தைத் திருப்புவதுபோல விளக்குப் பக்கம் திருப்பினாள்.

"நான் வச்சதுக்கா இது," என்றாள். "எவ்வளவு அடி பட்டிருக்கு. அழியல பாருங்க."

நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். இப்போது கேட்பாள், இது கண்ணாடியை மறைக்காதா அக்கா என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் விரல் மெதுவாக இன்னொரு கண்ணுக்கு நகர்ந்தது. மஞ்சள் தடத்தைத் தடவிப் பார்த்தது.

"இத தொடச்சிட்டானுங்க." துண்டை விளக்குக்கு இன்னும் கிட்டக் கொண்டுபோனாள். "எங்கண்ணன் வேலைதான். கண்ணாடி தொடச்சாச்சா, கண்ணாடி தொடச்சாச்சான்னு தெனமும் அவர் உயிர எடுப்பான். பூச போட்ட பொட்டு, மொத ஓட்டம்கூட ஓடல. அத அழிக்கச் சொல்லியிருக்கான். அப்புறம் எப்படிக்கா வெளங்கும்? அதுக்குத்தான் இப்படி ஆயிருச்சு. எனக்கு அப்பவே தெரியும்."

சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் போதும். அவளுடைய அண்ணன் ஒரு பாவமும் அறியாதவன் என்று சொல்ல எனக்கு ஒரே வாக்கியம் போதும். அந்த வாக்கியத்துக்கு அப்புறம் இந்தப் பெண் இங்கிருந்து எப்படி எழுந்து, எப்படி பஸ் ஏறி, எந்தக் கையால் வீட்டுக் கதவைத் திறப்பாள் என்றுதான் எனக்குத் தெரியவில்லை. திரையை அணைத்தேன்.

"அக்கா, இது உங்களுக்கு வேணுமா? வேணாம்னா நான் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டாள். "ஞாயித்துக்கிழம என்னோட பொட்ட எடுத்துருவாங்க. இதாவது சாமி மேடையில இருக்கட்டும். அவருக்காக வச்சது."

அது போய்விட்டால் யுகேந்திரன் பக்கம் பேசுவதற்கு வெறும் கோடுதான் மிஞ்சும். கண் ஏன் சுவரைப் பார்த்தது என்று கம்பெனிக்காரன் கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. கண்ணாடியைச் சரியாகப் பார்க்காமல் ஏற்றினவன் என்று அதையும் அவன் தலையில்தான் கட்டுவார்கள். எல்லாம் தெரிந்துதான் எடுத்துச் சுற்றினேன். கண்ணாடி துடைக்க வைத்திருக்கும் மெல்லிய துணியில், பொட்டு உரசாதபடி பார்த்துப் பார்த்துச் சுற்றிக் கொடுத்தேன்.

வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"நீங்க இன்னும் சொல்லலியேக்கா. அவன் தப்புதானே?"

"ஆமாம்மா," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை செமோருக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. வீட்டுக்குள் பெண்கள் கூட்டம். யாரோ தூரத்து உறவு மாமா ஒருவர் பிறந்த வீட்டுக் கோடி என்று சொல்லி ஒரு சேலையைப் போட்டார். துளசி அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நெற்றியைத் துடைத்தபோது அவள் அழுத சத்தம் தெருக்கோடிவரை கேட்டிருக்கும். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. சாமி மேடைப் பக்கம் ஒதுங்கினேன்.

படங்களுக்கு நடுவில் அந்தத் துண்டு இருந்தது. பூ வைத்திருந்தாள். தர்மா துடைத்த கண்ணுக்கும் புதிதாகச் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்திருந்தாள். இப்போது இரண்டு கண்ணிலும் பொட்டு. அன்றைக்குக் காலையில் இப்படியே விட்டிருந்தால் அது தரையை விட்டு எழும்பியே இருக்காது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். யாரோ என் கையில் விபூதியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

வெளியே வந்தேன். சாலைக்கு அந்தப் பக்கம் கால்வாய் ஓரத்தில் யுகேந்திரன் நின்றுகொண்டிருந்தான். கையில் துணிக்கடைப் பை. உள்ளே சேலையின் ஓரம் தெரிந்தது.

"அழுதாளா அக்கா?"

"அழுதா."

"என்னயப் பத்தி ஏதும் கேட்டாளா?"

"கேட்டா. நீ சொல்லச் சொன்னதையே சொல்லிட்டேன்."

தலையை ஆட்டினான். நல்லதுக்கா என்றான். அப்புறம் வீட்டைப் பார்த்தபடி நின்றான். மறுபடி தூறல் போட ஆரம்பித்தது. குடையை நீட்டினேன், வாங்கவில்லை. கோடி நனையாமல் இருக்கப் பையை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான்.